ஒரு கயிறும் கொஞ்சம் சுண்ணாம்பும்

(தென்னாப்பிரிக்காவின் டர்பன், சட்ஸ்வொர்த்தில் ஹாக்கி ஆடும் பெண் பிள்ளைகளுக்கும் அவர்களது பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தாய்மார்களே, தந்தையரே, மாகாணத் தேர்வுக்குத் தயாராகும் தங்கச்சிகளே, அனைவருக்கும் வணக்கம்.

பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான மாகாணங்களுக்கு இடையிலான ஹாக்கிப் போட்டியை நாம் ‘ஐ.பி.டி.’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். குவாசுலு-நடாலின் கடலோர அணி, உள்நாட்டு அணி, வெஸ்டர்ன் ப்ராவின்ஸ், சதர்ன் கௌடெங், நார்தர்ன் கௌடெங், ஃப்ரீ ஸ்டேட், ஈஸ்டர்ன் ப்ராவின்ஸ், பார்டர், போலண்ட் என்று நாலா பக்கத்திலிருந்தும் அணிகள் வந்து, சில நாட்களுக்குள் அடுத்தடுத்து மோதும் போட்டி அது. நம் வட்டாரப் பிள்ளைகள் அதில் இடம்பிடிக்கத் தடுமாறுகிறார்கள் என்றால் அதற்குக் காரணம் திறமைக் குறைவு அல்ல. தரைதான் காரணம்.

இனவாரியாக வாழிடங்களைப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டம் நம்மவர்களை இங்கே கொண்டுவந்து குடியமர்த்தியபோது வீடு கொடுத்தது, செயற்கைப் புல்தரை கொடுக்கவில்லை. இன்றும் நம் பள்ளிகள் பலவற்றில் பிள்ளைகள் ஆடுவது மேடுபள்ளமான புல்லில். அதில் பந்து துள்ளி வரும். அந்தத் துள்ளலுக்காகக் காத்து, நிமிர்ந்து நின்று, மட்டையைச் செங்குத்தாகப் பிடித்து நிறுத்தப் பழகுகிறார்கள். தண்ணீர் தெளித்த செயற்கைத் தரையில் பந்து துள்ளாது, வழுக்கிக்கொண்டு வேகமாக வரும். நிமிர்ந்து நிற்கும் பிள்ளையின் மட்டைக்கு அடியில் அது போய்விடும். தேர்வாளர் பார்ப்பது அந்த முதல் தொடுதலைத்தான். இரண்டு முறை தவறினால் பெயர் பட்டியலில் கீழே இறங்கிவிடும்.

இதற்கு வழி இருக்கிறது. பள்ளியின் நெட்பால் திடல் சிமெண்டோ தாரோ எதுவாக இருந்தாலும் சரி, அதில் தண்ணீர் ஊற்றுங்கள். பழைய மட்டை ஒன்றை எடுத்து அதன் தலைப்பகுதியில் நல்ல கனத்த டேப் சுற்றுங்கள், இல்லையென்றால் சிமெண்ட் மட்டையைத் தேய்த்துத் தின்றுவிடும். முழங்காலை மடக்கி, இடது கையைத் தாழ்த்தி, பந்தை நிறுத்தாமல் பக்கவாட்டில் நகர்த்தியபடியே வாங்கப் பழக வேண்டும். நாளுக்கு இருபது நிமிடம், வாரத்தில் நான்கு நாள் போதும். வேகமான பந்துக்குக் கண் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி பெனால்டி கார்னர்: கோலுக்கு முன்னால் உள்ள வட்டத்துக்குள் எதிரணி தவறு செய்தால், கோல் கோட்டிலிருந்து பந்தை வட்டத்துக்கு வெளியே தள்ளி, அங்கே நிறுத்தி, கோலுக்கு அடிக்கக் கிடைக்கும் வாய்ப்பு. இறுக்கமான ஆட்டத்தில் களத்தின் நடுவில் வாய்ப்பு அரிதாகத்தான் திறக்கும். கார்னர் கிடைத்தால் எதிரணியில் கோல்கீப்பர் உட்பட ஐந்து பேர் மட்டும் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்பார்கள், மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால் போயாக வேண்டும். நம் நாட்டின் ஹாக்கி வீராங்கனை பீட்டி கூட்ஸி 2011இல் பெண்கள் சர்வதேச ஹாக்கியில் 220 கோல் என்ற அன்றைய உலகச் சாதனையைத் தாண்டியவர். பெனால்டி கார்னரில் அவருக்குப் பெரிய பேர்.

பயிற்சிக்கு வட்டம் வேண்டுமே என்று கேட்கிறீர்கள். ஒரு கயிறும் கொஞ்சம் சுண்ணாம்பும் போதும். 3.66 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோல் கம்பங்களைக் குறியுங்கள். 14.63 மீட்டர் கயிறு ஒன்றை ஒரு கம்பத்தில் கட்டி அந்தப் பக்கம் கால் வட்டம் போடுங்கள், அடுத்த கம்பத்தில் கட்டி மறுபக்கம் போடுங்கள். இரண்டையும் மேலே 3.66 மீட்டர் நேர்கோட்டால் இணையுங்கள். கம்பத்திலிருந்து 10 மீட்டர் தள்ளிக் கோல் கோட்டில் ஒரு குறி. பந்து அங்கிருந்துதான் கிளம்பும். அங்கிருந்து வட்டத்தின் உச்சிக்கு ஏறத்தாழ 19 மீட்டர்.

பந்தைத் தள்ளுபவர் ஒரு காலையாவது களத்துக்கு வெளியே வைத்திருக்க வேண்டும். வலது கால் வெளியே, இடது கால் களத்துக்குள், உடல் தாழ்வாக, எடை வலதிலிருந்து இடதுக்கு மாறும்போது பந்து மட்டையோடு ஒட்டி வந்து கடைசியில் விடுபட வேண்டும். பந்து துள்ளிப் போகிறது என்றால் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: பந்து விடுபடும் முன்பே பிள்ளை எழுந்து நிற்கிறாள். இன்னொரு தவறு, தள்ளுவதுபோல் பாவனை காட்டி நிறுத்துவது. நடுவர் பார்த்தால் அவர் நடுக்கோட்டுக்கு அப்பால் போக வேண்டும், வேறொருவர் வந்து தள்ள வேண்டும்.

நிறுத்துபவருக்குத்தான் கடினமான வேலை, புகழ் மட்டும் வராது. மட்டையைத் தரையோடு சாய்த்து வைத்துப் பந்தை அசையாமல் நிறுத்த வேண்டும். வட்டக் கோடும் வட்டத்தைச் சேர்ந்தது. கோட்டின் மேல் நிறுத்தினால் பந்து வெளியேறியதாகக் கணக்கில்லை, அதற்குப் பின் அடிக்கும் கோலும் செல்லாது. ஆகவே கோட்டுக்கு ஓரடி வெளியே சுண்ணாம்பால் புள்ளி வைத்து அதில் மட்டும் நிறுத்தப் பழகுங்கள்.

முதல் முயற்சியை ஓங்கி அடித்தால், பந்து கோல் கோட்டைத் தாண்டும்போது 460 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. கோலின் பின்பலகை அதே உயரம். பலகையில் ‘டம்’ என்று சத்தம் கேட்டால் பெரும்பாலும் கவலையில்லை. பந்தை மட்டையோடு இழுத்து வந்து தூக்கி எறியும் டிராக் ஃப்ளிக்குக்கு அந்த உயரக் கட்டுப்பாடு கிடையாது, ஆளுக்கு ஆபத்தாகப் போகாதவரை. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு டிராக் ஃப்ளிக்குக்கென்றே வளைவு கூடிய மட்டை வாங்கிக் கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அதில் சாதாரண அடியும் தானாக மேலே எழும்பும். இடுப்பும் முதுகும் வலுப்பட்ட பிறகு வாங்கலாம்.

தடுக்கும்போது முகக்கவசம், முழங்கால் பட்டை, கையுறை மூன்றும் வேண்டும். முதலில் ஓடிவரும் பிள்ளை பந்தின் நேர்கோட்டில் உடம்பைக் கொடுக்கக் கூடாது. மட்டை பந்து வரும் கோட்டின் மேல், உடல் அதற்கு இடப்புறம். பந்து தள்ளப்படும் முன்பே கோல் கோட்டைத் தாண்டினால் அவர் நடுக்கோட்டுக்கு அப்பால் போவார், அவருக்குப் பதில் வேறு ஆளும் கிடையாது. கோல்கீப்பர் அந்தத் தவறைச் செய்தால் தடுப்பவர்களில் வேறு ஒருவர் போக வேண்டும். கார்னர் கொடுத்த பிறகு அது முடியும்வரை ஆள் மாற்றவும் முடியாது. களைத்த பிள்ளையை அதற்கு முன்பே வெளியே எடுத்துவிட வேண்டும் என்று பயிற்சியாளர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

செயற்கைத் தரையுள்ள டர்பனின் குவீன்ஸ்மீட் மைதானத்தில் உங்களுக்கு ஒரு மணி நேரம் கிடைத்தால் தயவுசெய்து ஓட்டப் பயிற்சியில் அதைச் செலவிடாதீர்கள். ஓடுவதற்கு எந்தத் தெருவும் போதும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. போட்டி ஜோஹன்னஸ்பர்க் பக்கம் நடந்தால் அங்கே கடல்மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரம். டர்பன் பிள்ளைக்கு முதல் இரண்டு நாள் மூச்சு வாங்கும், குளிர்காலக் காற்றின் வறட்சியில் மூக்கில் ரத்தமும் வரலாம். வாஸ்லின் கொஞ்சம் தடவினால் உதவும். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் அடுத்த சில மணி நேரத்தில் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கட்டும். புரட்டாசியில் மரக்கறி மட்டும் உண்ணும் வீடுகளில் பருப்பும் சுகர் பீன்ஸ் கறியும் தாராளமாக இருக்கட்டும், கூடவே ஒரு துண்டு எலுமிச்சை. சாப்பாட்டோடு தேநீர் வேண்டாம், உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை அது தடுக்கும். மாதவிடாய் காலத்தில் களைப்பு அதிகமென்றால் மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனை கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடைசியாக ஷூட்-அவுட், அதாவது ஆட்டம் சமனில் முடிந்தால் ஒருவர் தனியாகக் கோல்கீப்பரை எதிர்கொண்டு கோல் போட முயல்வது. பந்து 23 மீட்டர் கோட்டில், கோல்கீப்பர் கோல் கோட்டில், நேரம் 8 விநாடி. நம் பிள்ளைகள் அவசரப்பட்டு நாலாவது விநாடியிலேயே அடித்துவிடுகிறார்கள். கோல்கீப்பர் முன்னேறி வந்து கோணத்தை மூடுவது அந்த நேரத்தில்தான். ஐந்து விநாடி வரை பந்தைத் தள்ளிக்கொண்டே போய், கீப்பரைக் கீழே விழவைத்து, பிறகு பக்கம் மாற்றுங்கள். ஒரு தோழி பக்கத்தில் நின்று சத்தமாக எண்ணட்டும்: ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்து என்று கேட்கும்வரை மட்டையை ஓங்க வேண்டாம்.