அடிப்பூச்சு

அவையோர்க்கு வணக்கம். ஒரு படம் உங்களுக்கு எங்கிருந்து தோன்றுகிறது என்று கேட்டு, ஓவியம் பயிலும் நீங்கள் என்னை இம்மேடைக்கு அழைத்திருக்கிறீர்கள். என் படங்கள் பெரும்பாலும் பலகையைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது தோன்றியவை.

தஞ்சாவூர்ப் படம் போடும் என் மாமாவிடம் பதினான்கு வயதில் சேர்ந்தேன். பலாப்பலகையில் காடாத்துணியை ஒட்டி, சுக்காங்கல் பொடியைப் புளியங்கொட்டைப் பசையில் குழைத்துப் பூசி, உலர்ந்தபின் வழுவழுப்பான கல்லால் தேய்த்து, மறுபடியும் பூச வேண்டும். இரண்டு ஆண்டுகள் அவர் என் கையில் தூரிகையே தரவில்லை. ஒருமுறை அவசரப்பட்டுக் கெட்டியாக ஒரே பூச்சாக அப்பிவிட்டேன்; மறுநாள் காலையில் பலகை முழுவதும் வெடிப்பு. மாமா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "வைகாசி மாசத்து வயலாட்டம் இருக்குடா" என்றார். அந்த வயலைத்தான் இன்றுவரை வரைந்துகொண்டிருக்கிறேன்.

எங்கள் ஊர் கடைமடை. ஜூன் 12 அன்று மேட்டூர் அணையைத் திறந்தாலும், கல்லணையைக் கடந்து, ஆறாகவும் வாய்க்காலாகவும் பிரிந்து எங்கள் மதகுக்குத் தண்ணீர் வந்துசேரப் பல நாள்கள் ஆகும். வராமலே போன ஆண்டுகளும் உண்டு. வந்த அன்று, பாளம் பாளமாக வெடித்த மண்ணின் விளிம்புகள் முதலில் கறுக்கும். நடுப்பகுதி சற்றுநேரம் சாம்பல் வெளுப்பாகவே நிற்கும். பிறகு வெடிப்புகளுக்குள் அடைபட்டிருந்த காற்று குமிழி குமிழியாக வெளியேறும். அந்தக் கறுப்பைக் கறுப்பு வண்ணத்தால் பிடிக்க முடியாது. ஏழெட்டு ஆண்டுகள் முயன்று தோற்றேன். வீணான பலகைகள் எங்கள் வீட்டு வெந்நீர் அடுப்புக்குப் பயன்பட்டன.

வழி, பெரிய கோயிலின் ஓவியங்களில் கிடைத்தது. கருவறையைச் சுற்றிய உள்நடையில், நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் மறைந்திருப்பதை 1931-இல் கண்டறிந்தவர் எஸ். கே. கோவிந்தசாமி. அவற்றை நான் நிழற்படங்களாகவே பார்த்தேன். வெள்ளை யானையில் சுந்தரரும் குதிரையில் சேரமான் பெருமாளும் கயிலைக்கு விரையும் காட்சியில், சுண்ணாம்பின் ஈரம் உலருமுன் இழுத்தாக வேண்டிய கோடு சிறிதும் தயங்காமல் வளைகிறது. வரைந்தவர் எத்தனை குதிரைகளை எத்தனை நாள் பார்த்திருக்க வேண்டும்! இருந்தும், என் கண் நிலைத்தது வேறோரிடத்தில்: மேற்பூச்சு உதிர்ந்த ஓரத்தில், அடியிலிருந்து எட்டிப்பார்த்த பழைய காவியில்.

வீடு திரும்பியதும், செங்காவியில் கரியைக் கலந்து பலகை முழுவதும் பூசி உலரவிட்டு, அதன்மேல் சாம்பல் வெளுப்பை மெல்லிதாக ஏற்றி, விளிம்புகளை மட்டும் ஈரத்துணியால் துடைத்தெடுத்தேன். நனைந்த வண்டலின் நிறம் அடியிலிருந்து மேலே வந்தது.

அதைப் பார்த்த பக்கத்து வயல்காரர், "தண்ணி ஏறி அரைமணி நேரம் ஆயிருக்கும் போலிருக்கே" என்றார். நான் எண்ணியிருந்தது கால்மணி நேரம். அடுத்த பலகையில் துடைப்பதைச் சற்று முன்னதாகவே நிறுத்திக்கொண்டேன்.