மாவு மிஷினும் ஒட்டிக்கொண்ட ரிலேயும்

வணக்கம். பேக்கரிகளில் மாவு பிசையும் பெரிய மிஷின் பார்த்திருப்பீர்கள். மூடியைத் திறந்தால் மோட்டார் நிற்க வேண்டும். இதற்கென்ன பெரிய யோசனை என்று, ஆரம்ப காலத்தில் ஒரு பேக்கரிக்குக் கைக்கு அகப்பட்ட சாதா ரிலேயை (கரண்டால் இயங்கும் சின்ன சுவிட்சை) வைத்துக் கொடுத்தவன் நான். மூடி திறந்தால் ரிலேயை இழுத்துப் பிடிக்கும் காயிலுக்குக் கரண்ட் போகாது, ரிலே விழும், அதாவது அதன் முனைகள் விலகும், அதோடு மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் பெரிய சுவிட்சான கான்டாக்டரும் விழும். வயர் அறுந்தாலும் அதேதான் நடக்கும். பிறகென்ன பயம்?

ஒரு நாள் மூடி திறந்த பிறகும் மிஷின் சுற்றிக்கொண்டே இருந்தது. கான்டாக்டர் காயிலைத் துண்டிக்கும்போதெல்லாம் பறந்த பொறியில் ரிலேயின் முனைகள் உருகி ஒட்டியிருந்தன. நல்லவேளை, யார் கையும் உள்ளே இல்லை.

முனை ஒட்டுவதை அடியோடு தடுக்க முடியாது, ஒட்டினால் அது தெரிய வேண்டும், அதுதான் முக்கியம். சாதா ரிலேயில் என்ஓ (காயிலில் கரண்ட் இருந்தால் மட்டும் சேரும் முனை) ஒட்டிக்கிடந்தாலும் பக்கத்து என்சி (கரண்ட் இல்லாதபோது சேர்ந்திருக்கும் முனை) தகடு தனியாக வளைந்து மூடிக்கொள்ளும், பார்ப்பவருக்கு எல்லாம் சரி போலவே இருக்கும். ஃபோர்ஸ் கைடட் ரிலேயில் தகடுகள் ஒன்றோடொன்று பிணைந்தவை. என்ஓ ஒட்டினால் என்சி மூடவே முடியாது, குறைந்தது 0.5 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தே தீரும். இதற்கான தரம் ஐஇசி 61810-3. அந்த என்சியை ரீசெட் வழியில், அதாவது மிஷினை மறுபடி கிளப்பும் சர்க்யூட்டில் போட்டால் அடுத்த தடவை மிஷின் கிளம்பாது. சேஃப்டி ரிலே என்று விற்பதில் பெரும்பாலும் இப்படி இரண்டு ரிலே தொடராக இருக்கும், ஒன்று ஒட்டினாலும் மற்றது துண்டிக்கும்.

ரயில்வேக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். நம்ம போத்தனூர் சிக்னல் பணிமனையில் செய்யும் கியூ வகை ரிலேக்களில் ஒரு முனை கார்பன், அது உலோகத்தோடு உருகி ஒட்டாது. அழகான யோசனை, ஆனால் நம் சின்ன பேனலுக்கு அந்த ரிலே ரொம்பப் பெரிசு.

அப்புறம், வாங்கும்போது 6 ஆம்பியர் என்று போட்டிருப்பதை மட்டும் பார்க்காதீர்கள், அது ஹீட்டர் மாதிரி லோடுக்கான கணக்கு. கான்டாக்டர் காயில் ஏசி என்றால் ஏசி-15, 24 வோல்ட் டிசி வால்வு என்றால் டிசி-13 என்ற லோடு வகையில் எத்தனை ஆம்பியர் என்று கேளுங்கள். கேட்லாக் சொல்லும் ஃபியூஸைவிடப் பெரியதைப் போட்டால் முனை ஒட்ட நீங்களே வழி செய்து கொடுத்த மாதிரி.

அந்தப் பேக்கரிக்குப் பிறகு சேஃப்டி ரிலேயும், மோட்டாருக்கு இரண்டு கான்டாக்டர் தொடராகவும் வைத்து, அவற்றின் என்சி முனைகளை ஃபீட்பேக் வழியில், அதாவது இரண்டும் விழுந்திருந்தால்தான் ஸ்டார்ட் ஆகவிடும் சர்க்யூட்டில் கோர்த்தேன். கொஞ்ச நாள் கழித்து முதலாளி போன் செய்தார்: "தம்பி, உங்க புது ரிலே சரியில்லை, மிஷின் ஸ்டார்ட்டே ஆகலை, ஜம்பர் போட்டு ஓட்டிக்கவா?" ஜம்பர் என்றால் அந்தச் சோதனையையே ஒரு வயரால் தாண்டிவிடுவது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தால், ஒரு கான்டாக்டர் ஒட்டிக் கிடந்தது.