கடல் வரை ஓடட்டும் நம் ஆறு

(குழித்துறையில் ஒரு வாசகசாலை ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்ற உறுப்பினர்களே, தேங்காப்பட்டணம் பகுதியிலிருந்து வந்திருக்கும் மீனவப் பெரியோர்களே, பேச்சிப்பாறைக்கு மேலே மலையிலிருந்து படகும் பேருந்தும் மாறி வந்து சேர்ந்திருக்கும், காணிப் பழங்குடியினரின் ஊர்த்தலைவரான மூட்டுக்காணி அவர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். எனக்கு ஆறாம் வகுப்பில் புவியியல் சொல்லித் தந்தவர் இன்று தலைமை இருக்கையில் இருக்கிறார். அவர் முன்னிலையில் ஆற்றைப் பற்றிப் பேச வாய்த்ததை நான் பெரும் பேறாகக் கருதுகிறேன். வாவுபலிப் பொருட்காட்சி வேலைகளுக்கு நடுவிலும் இந்தப் பந்தலுக்கு இடம் ஒதுக்கித் தந்த நகராட்சி ஊழியர்களுக்கும், ஒலிபெருக்கி உதவிய வணிகப் பெருமக்களுக்கும் நன்றி.

ஆறில்லா ஊருக்கு அழகு பாழ் என்பார்கள். நம் ஊருக்கு ஆறு உண்டு. கோதையாறும் பரளியாறும் மூவாற்றுமுகத்தில் சேர்ந்து, குழித்துறையைத் தொட்டு, தேங்காப்பட்டணத்தில் கடல் சேருகின்றன. அந்த ஆற்றின் மேல் மின்சாரத்துக்காகவும் பாசனத்துக்காகவும் எழுப்பிய அணைகள் கரையோர மக்களுக்கு என்ன செய்தன, நீர்வாழ் உயிர்களுக்கு என்ன செய்தன என்ற இரண்டையும் சொல்லவே வந்திருக்கிறேன்.

அணை கட்டியவர்களைக் குறைகூறுவது என் நோக்கமன்று. 1897-இல் தொடங்கி 1906-இல் முடிந்த பேச்சிப்பாறை அணை இல்லையென்றால் நாஞ்சில் நாட்டு வயல்கள் மழையையே பெரிதும் நம்பிக் கிடந்திருக்கும். மூலம் திருநாள் மகாராஜா காலத்தில் அதைக் கட்டிய பொறியாளர் மிஞ்சின் அங்கேயே அடக்கமாகியிருக்கிறார். அவரை நம் மக்கள் இன்றும் நன்றியோடு நினைக்கிறார்கள். பின்னர் கோதையாற்றில் நீர்மின் நிலையங்கள் வந்தன. முதல் நிலையம் 60 மெகாவாட், இரண்டாவது 40 மெகாவாட். மலையுச்சியில் தேக்கிய தண்ணீர் இரும்புக் குழாய்களில் இறங்கி, சுழலியைச் சுற்றி, மின்சாரம் தந்துவிட்டுப் பேச்சிப்பாறை நீர்த்தேக்கத்துக்கு வருகிறது.

இந்த மின்சாரத்தில் புகை இல்லை, நிலக்கரி இல்லை. ஆனால் ஆற்றின் இயல்பு மாறிவிடுகிறது. மின்தேவை கூடும் நேரத்தில் தண்ணீரைத் திறப்பதும் குறையும் நேரத்தில் அடைப்பதும் நீர்மின் நிலையங்களின் பொதுவான வழக்கம். மழையையும் கோடையையும் பார்த்துப் பெருகி வற்றிய ஆறு, மின்தேவையைப் பார்த்துப் பெருகி வற்றத் தொடங்குகிறது. பாறையிடுக்கில் மீன் இட்ட முட்டை, தண்ணீர் இறங்கியதும் வெயிலில் காய்ந்துபோகிறது. நீர்நாய் குட்டி போட்ட கரைப் பொந்தில், எதிர்பாராத நேரத்தில் வெள்ளம் புகுந்துவிடுகிறது. ஆழமான தேக்கத்தின் அடிமட்டத்திலிருந்து வரும் தண்ணீரில் குளிர்ச்சி அதிகம், உயிர்க்காற்று குறைவு.

மனிதர் நிலை என்ன? பேச்சிப்பாறைக்கு அப்பால் தோட்டமலை போன்ற இடங்களில் வாழும் காணி மக்கள், நீர்த்தேக்கத்தைப் படகில் கடந்தே சந்தைக்கும் மருத்துவமனைக்கும் வருகிறார்கள். உலக அணைகள் ஆணையம் 2000-இல் வெளியிட்ட அறிக்கை, பெரிய அணைகளால் உலகெங்கும் 4 கோடி முதல் 8 கோடி மக்கள் வரை இடம்பெயர்ந்தார்கள் என்று மதிப்பிட்டது. அவர்களில் பழங்குடியினரே பெரும் சுமையைத் தாங்கியவர்கள். இந்த மூட்டுக்காணி பெரியவர் மேடைக்கு வந்து ஐந்து நிமிடம் பேசினால், என் ஒரு மணி நேரப் பேச்சைவிட அது மேலாக இருக்கும் என்று விழாக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.

உயிர்களைப் பற்றிச் சொல்லும்போது என் பாட்டி நினைவுக்கு வருகிறார். எங்கள் வீடு ஆற்றின் குறுக்கே கிடந்த பழைய கல்தடுப்பு ஒன்றின் பக்கத்தில் இருந்தது. இடவப்பாதி மழை கொட்டிக்கொண்டிருந்த ஓர் இரவில், தொழுவத்துக்குப் போன பாட்டி, "பாம்பு, பாம்பு" என்று அலறினார். அக்கம்பக்கத்தார் கம்பும் வெட்டுகத்தியுமாக ஓடிவந்தார்கள். ஈரப் புல்லின் மேல் கை பருமனில் ஏதோ ஒன்று மினுமினுத்தபடி நெளிந்து, தடுப்பைச் சுற்றி மேலே ஏறிக்கொண்டிருந்தது. கம்பு ஓங்கியவரின் கையைப் பிடித்துக்கொண்டார் வள்ளக்காரத் தாத்தா ஒருவர். "மக்களே, கம்பைத் தாழ போடுங்க. இது பாம்பு இல்ல, விலாங்கு. இது கடலுல பிறந்தது. மேல போய் வளரணும்னு வருது. குறுக்கே சுவரு கட்டுனது நாமதானே?" என்றார். தம் தோளில் கிடந்த துவர்த்தை நனைத்து, அதில் விலாங்கைச் சுற்றி எடுத்து, தடுப்புக்கு மேலே கொண்டுபோய் விட்டார். வந்தவர்கள் அத்தனை பேரும் மழையில் நனைந்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடுத்த மழை இரவில் அரிக்கன் விளக்கோடு முதல் ஆளாகத் தடுப்பருகே போய் நின்றவர், அன்று அலறிய அதே பாட்டிதான்! "இன்னும் ஒண்ணும் வரலியே" என்று எங்களைத் தூங்க விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அந்தத் தாத்தா சொன்னது அத்தனையும் உண்மை. விலாங்கு கடலில் பிறந்து, ஆற்றில் பல ஆண்டுகள் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்கே திரும்புகிறது. ஆற்றுக்கொஞ்சு என்னும் ஆற்று இறாலின் குஞ்சுகளோ உப்பும் நன்னீரும் கலக்கும் கழிமுகத்தில்தான் பிழைக்கும். வளர்ந்தபின் ஆறேறி வரும். சிறு தடுப்பை விலாங்கு சுற்றிப் போய்விடலாம், பேரணையை எப்படித் தாண்டும்? கங்கையில் 1975-இல் பராக்கா தடுப்பணை இயங்கத் தொடங்கியபின், முன்பு அலகாபாத்தையும் தாண்டி ஏறிய உல்ல மீன் மேலாற்றில் அரிதாகிப்போனது. கரையோர மீன்பிடிக் குடும்பங்களின் பிழைப்பும் அதனோடு போயிற்று. மாறாக, அமெரிக்காவின் எல்வா ஆற்றில் இரண்டு அணைகளை 2011 முதல் 2014 வரை அகற்றியபோது, சால்மன் மீன்கள் நூறாண்டு மூடிக் கிடந்த மேலாற்றுக்குத் திரும்பி வந்தன.

நம் அணைகளை இடிக்க நான் கேட்கவில்லை. ஆறில்லா ஊருக்கு அழகு பாழ் என்றால், பெயருக்கு ஆறிருந்து தண்ணீர் ஓடாத ஊருக்கு மட்டும் அழகு எங்கிருந்து வரும்? கோடையில் மேலிருந்து வரும் ஓட்டம் மெலிந்தால் தேங்காப்பட்டணத்துக் கடல்நீர் ஆற்றுக்குள் ஏறுகிறது. குடிநீர்க் கிணறுகள் உப்பாகின்றன. அதைத் தடுக்கப் பரக்காணியில் ஒரு தடுப்பணை கட்ட வேண்டி வந்தது. உப்பைத் தடுக்கும் சுவர், மேலேறும் விலாங்கையும் கொஞ்சையும் தடுக்காதிருக்க வழி செய்ய வேண்டாமா?

ஆகவே மூன்று கோரிக்கைகளை மனுவாக எழுதியிருக்கிறோம். அணைகளிலிருந்து ஆற்றுக்கென்றே ஒரு குறைந்தபட்ச நீரை ஆண்டு முழுவதும் விடவேண்டும். தண்ணீர் திறக்கும் நேரத்தைக் கரையோர ஊர்களுக்கும் காணிக் குடியிருப்புகளுக்கும் முன்கூட்டியே அறிவிக்கவேண்டும். தடுப்பணை ஒவ்வொன்றிலும் மீன் ஏறிச் செல்லச் சரிவுப் பாதை அமைக்கவேண்டும். மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. பெயரோடு ஊர்ப் பெயரையும் தெளிவாக எழுதிக் கையெழுத்திடுங்கள். வரும் திங்கட்கிழமை நாகர்கோவிலில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் அதை மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கிறோம். உடன் வர விரும்புவோர் காலை எட்டு மணிக்கு இந்த வாசகசாலை முன்பு கூடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.