ஒரு நூலும் ஒரு தீக்குச்சியும்

வணக்கம் நேயர்களே. தை பிறந்துவிட்டது. நுவரெலியா பக்கம் விடிகாலையில் உறைபனி கொட்டி, கொழுந்தே கருகிப்போகிற நாட்கள். ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது. சம்பளம் எடுத்த கையோடு வீட்டில் நாலு பேருக்கும் புதுசு வாங்கவும் முடியாது. ஆகவே இன்றைக்குப் பேல் உடுப்பு, அதாவது மூட்டையாக வந்து குவியலில் விற்கிற பழைய உடுப்பு.

குவியலின் மேலே கிடப்பதைப் பத்துப் பேர் புரட்டியிருப்பார்கள். அடியில் கையை விடுங்கள். அங்கேதான் ருசி! கண்ணுக்கு முன்னால் விரல் கண்டுபிடிக்கும்.

நல்ல கம்பளியா, அக்ரிலிக்கா? லேபல் இருந்தால் வாசிக்கலாம். பாதிக்கு லேபலே இராது. உள்தையலில் தொங்குகிற ஒரு நூலைக் கடைக்காரரிடம் கேட்டு எடுத்துக்கொண்டு, வெளியே வந்து தீக்குச்சி கிழியுங்கள். உடுப்புக் குவியலுக்குப் பக்கத்தில் வேண்டாம், தயவுசெய்து. கம்பளி என்றால் தலைமயிர் பொசுங்குகிற மணம் வரும். நெருப்பை விலக்கினால் அணையும். சாம்பலை நசுக்கினால் தூளாகும். அக்ரிலிக் உருகும், ஆறினால் கறுப்பு மணியாக இறுகும், நசுங்காது. சூட்டோடு தொட்டால் விரலில் ஒட்டிக்கொள்ளும். ஆற விடுங்கள்.

இவ்வளவு பாடு எதற்கு? கம்பளி ஈரமானாலும் சூடு காக்கும். மிஸ்ட் இறங்கும் மலையில் அது பெரிய விஷயம். அக்ரிலிக்கை ஒதுக்கச் சொல்லவில்லை. வெயிலே காணாத வாரத்தில் லயத்துக் கொடியில் முதலில் காய்வது அதுதான். ஆனால் கம்பளி விலை கொடுத்து அக்ரிலிக் வாங்காதீர்கள். நூல், தீக்குச்சி, மறக்கவேண்டாம்.

அடுத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஒற்றை ஓட்டை என்றால் தைத்துவிடலாம். அரிசி அளவில் கூட்டமாக இருந்தால் பூச்சி தின்றது. பாதி அரித்த நூல்கள் முதல் துவைப்பிலேயே விட்டுப்போகும்.

ஜெர்கின் என்றால் சிப்பை மூன்று தரம் ஏற்றி இறக்குங்கள். பின்னால் வாய் பிளந்தால், ஏறி இறங்குகிற அந்த ஓடி தேய்ந்திருக்கிறது. குறட்டால் மெதுவாக நசுக்கினால் சரியாகும். பல் போயிருந்தால் முழுச் சிப்பையும் மாற்றவேண்டும், தையல் கூலியைக் கணக்கில் சேருங்கள். உள்பக்கம் பிசுபிசுத்து உரிகிற மழை ஜெர்கினை எந்தத் தையல்காரராலும் காப்பாற்ற முடியாது.

வீட்டுக்கு வந்ததும் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வையுங்கள், சொறிப்பூச்சி இருந்தால் சாகும். பிறகு பச்சைத்தண்ணீரும் கொஞ்சம் ஷாம்பூவும். சுடுதண்ணீரில் போட்டுக் கசக்கினால் அப்பாவின் கம்பளி ஸ்வெட்டர் பிள்ளைக்குத்தான் அளவாகும். கம்பளியைப் பிழியாமல், கொடியில் தொங்கவிடாமல், விரித்துக் காயவிடுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். பழைய வீட்டுச் சாமான் வாங்குவதையும் ஓட்டமாகச் சொல்கிறேன். ஃபிளாஸ்க்கில் கொதிதண்ணீர் ஊற்றி மூடி ஐந்து நிமிஷம் கழித்துத் தொடுங்கள். வெளிப்பக்கம் சுட்டால் வேண்டாம். ஜப்பான் ரைஸ் குக்கரின் அடித்தகட்டைப் பாருங்கள்: 100 வோல்ட் என்றிருந்தால் நம்முடைய 230 வோல்ட்டில் நேரே செருகினால் கருகிவிடும். பிரஷர் குக்கரில் முதலில் ரப்பர் வளையம்... சரி, நேரம் முடிந்தது. வணக்கம்.