தோற்ற அணிக்காக ஒரு வழக்கு

நடுவர் அவர்களே, தீர்ப்பு வருமுன்பே ஜெயித்துவிட்ட முகத்தோடு உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே, அவையோரே, எல்லாருக்கும் வணக்கம்.

தலைப்பை ஒருமுறை நினைவூட்டிவிடுகிறேன். சீனத்து ஃபெங்ஷென் போரில் தியாகமும் பக்தியும் ஓங்கி நிற்பது வென்ற தேவர் அணியிலா, தோற்ற அசுரர் அணியிலா? நான் தோற்றவர்களுக்காகப் பேச வந்திருக்கிறேன். கும்பகருணனுக்காக விடிய விடிய வாதாடிப் பழகிய மேடை இது. அதனால் எனக்குப் பயமில்லை.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏறத்தாழ கி.மு. 1046-இல் முயே என்ற இடத்தில் ஒரு போர் நடந்தது. ஷாங் அரசு சாய்ந்தது, ஜோ அரசு எழுந்தது. இதுவரை வரலாறு. அதன்பின் இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, மிங் பேரரசின் காலத்தில், அந்தப் போரை 100 அத்தியாயங்களில் 'ஃபெங்ஷென் யென்யி' என்ற பெருங்கதையாக விரித்தார்கள். அதில் குன்லுன் மலையின் சான் மரபுத் தவசிகள் ஜோ பக்கம் நிற்கிறார்கள். டோங்டியான் என்ற குருவின் ஜியே மரபினர் ஷாங் பக்கம் வந்து சேர்கிறார்கள். இதில் விசேஷம் என்னவென்றால், போர் தொடங்குமுன்பே ஒரு பட்டியல் எழுதி முடித்தாயிற்று. மொத்தம் 365 தெய்வப் பதவிகள். போரில் சாகிறவர்களின் ஆவிகளைக் கொண்டு அந்த இடங்களை நிரப்ப வேண்டும். அந்த வேலைக்கு அனுப்பப்பட்டவர் ஜியாங் ஸியா. மலையில் நாற்பது ஆண்டு தவமிருந்து, 72 வயதில் இறங்கி வந்த கிழவர்.

எதிரணித் தலைவர் அம்மா அழகாகப் பேசினார்கள். நேஜா என்றார்கள், போ யிகாவ் என்றார்கள், ஹுவாங் ஃபேஹு என்றார்கள். ஒவ்வொன்றாக வருகிறேன்.

நேஜா ஏழு வயதுப் பிள்ளை. கிழக்குக் கடல் நாகராஜனின் மூன்றாம் மகனைக் கொன்றுவிட்டான். நான்கு கடல் நாகராஜர்களும் வந்து அவனுடைய அப்பா அம்மாவைப் பிடிக்கிறார்கள். "செய்தவன் நான், அவர்களை விடுங்கள்" என்று தன் உடலைத் தானே அறுத்து, சதையையும் எலும்பையும் பெற்றவர்களுக்கே திருப்பித் தந்து சாகிறான். இதைக் கேட்டுக் கண் கலங்காதவர் யார்? ஆனால் அம்மா கதையை அங்கேயே நிறுத்திவிட்டார்கள். பிறகு என்ன நடந்தது? அவனுக்கு எழுப்பிய கோயிலை அப்பா லி ஜிங்கே உடைத்து எரித்தார். குரு தாமரையால் புது உடல் செய்து கொடுத்தார். எழுந்த பிள்ளை முதல் வேலையாக ஈட்டியை எடுத்துக்கொண்டு அப்பாவைக் கொல்லத் துரத்தினான்! கடைசியில் ரான்டெங் என்ற பெரியவர் லி ஜிங் கையில் ஒரு மாயக் கோபுரத்தைக் கொடுத்து, அதற்குள் பையனை அடைத்துச் சூடு காட்டித்தான் 'அப்பா' என்று சொல்ல வைத்தார். இதைப் பக்திக் கணக்கில் எழுதச் சொல்கிறார்கள். நான் அதைக் கோபுரக் கணக்கில் எழுதுகிறேன்.

ஒரு சின்னச் செய்தி, வாதத்துக்கு வெளியே. இந்த நேஜா நமக்குத் தூரத்து உறவு. பௌத்த நூல்கள் வழியே சீனம் போன நளகூபரன்தான் நேஜாவாக ஆனான் என்பது அறிஞர்கள் சொல்லும் செய்தி. கையில் கோபுரம் ஏந்திய அப்பா வைசிரவணன், அதாவது நம் குபேரன். இராவணனுக்கு அண்ணன். அந்தக் குடும்பம் எந்த நாட்டுக்குப் போனாலும் வீட்டுச் சண்டையைக் கூடவே எடுத்துக்கொண்டு போகிறது!

போ யிகாவ் விஷயத்தில் நான் வாதாட மாட்டேன். ஜோ சிற்றரசரின் மகன் அவன். ஷாங் மன்னனின் சிறையில் ஏழு ஆண்டு கிடந்த தந்தையை மீட்கத் தனியாக ஷாங் தலைநகருக்குப் போனான். ஷாங் அரசி தாஜியின் ஆசைக்கு இணங்கவில்லை. அவனைக் கொன்று, அந்த இறைச்சியைத் தின்பண்டமாக்கித் தகப்பனுக்கே அனுப்பினார்கள். தகப்பனும் தெரிந்தே தின்றார். தின்னாவிட்டால் அவரும் பிழைத்திருக்க மாட்டார். இதற்கு மேல் ஒரு கொடுமை எந்த இலக்கியத்திலும் இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனால் நடுவர் அவர்களே, அவன் போனது மகனாக. போர் அப்போது தொடங்கவே இல்லை. ஜோ குடும்பம் அன்றைக்கு ஷாங் அரசுக்குக் கட்டுப்பட்ட சிற்றரசுதான். அவனை அணிக் கணக்கில் சேர்க்க எதிரணிக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை.

ஹுவாங் ஃபேஹு ஏழு தலைமுறையாக ஷாங் அரசுக்கு உழைத்த குடும்பம். மன்னன் கை வைக்க வந்ததும் அவர் மனைவி மாடியிலிருந்து குதித்தாள். நியாயம் கேட்ட தங்கையை மன்னனே தூக்கி எறிந்தான். அவர் அணி மாறினார். நானாக இருந்தாலும் மாறியிருப்பேன். அது நியாயமான கோபம். ஆனால் இன்றைய தலைப்பு கோபம் அல்லவே!

இனி என் கட்சிக்காரரிடம் வருகிறேன். வென் ஜோங், ஷாங் அரசின் முதுபெரும் ஆசான். நெற்றியில் மூன்றாவது கண். பதினைந்து ஆண்டு வடகடல் போரில் இருந்துவிட்டுத் தலைநகர் சாவ்கேக்குத் திரும்புகிறார். வந்து பார்த்தால், நேர்மையான அமைச்சர்களைக் காய்ச்சிய வெண்கலத் தூணில் கட்டி எரித்திருக்கிறார்கள். பாம்புக் குழி வெட்டியிருக்கிறார்கள். மதுக்குளம் தோண்டியிருக்கிறார்கள். "கொடுங்கோலனுக்குக் காட்டும் விசுவாசமெல்லாம் பக்தியா?" என்று எதிரணியில் ஒருவர் கேட்டார் இல்லையா? நல்ல கேள்வி. பதில் கேளுங்கள். அந்த மனிதர் பத்துக் கோரிக்கை எழுதி மன்னன் முகத்துக்கு நேரே வைத்தார். தூணை அகற்று, குழியை மூடு, களஞ்சியத்தைத் திறந்து பசித்தவனுக்குச் சோறு போடு, தாஜியை அரசி இடத்திலிருந்து இறக்கு, ஃபெய் ஜோங், யூ ஹுன் என்ற இரண்டு ஜால்ராக்களையும் வெட்டு. அதில் ஒரு ஜால்ரா நடுவில் எழுந்து வாயைத் திறந்தபோது சபையிலேயே கைநீட்டி அடித்தார். மன்னன் ஏழுக்குத் தலையாட்டினான். மூன்றை மட்டும் தள்ளிப்போட்டான். எந்த மூன்று? அவனுக்கு வலிக்கிற மூன்று!

ஆமாம் சாமி போடுகிறவன் செய்கிற வேலையா இது? தவறைத் தவறு என்று முகத்துக்கு நேரே சொன்னார். சொல்லிவிட்டு, தான் கொடுத்த வாக்குக்காகப் போருக்கும் போனார். புறப்படும் நாளில் அவருடைய கரிய கிலின் விலங்கு அவரைக் கீழே தள்ளிவிட்டது. சகுனம் சரியில்லை, வேறொருவரை அனுப்பலாம் என்று ஓர் அதிகாரி தடுத்தார். நாட்டுக்கென்று உடலைக் கொடுத்தவன் வீட்டை நினைக்கக்கூடாது, களத்துக்குப் போகிறவன் சாவதும் காயப்படுவதும் இயல்பு என்று சொல்லிவிட்டு மறுபடி ஏறினார்.

அவர் எப்படிச் செத்தார்? ஜுவேலோங் மலைமுகட்டில் எட்டு நெருப்புத் தூண்களுக்கு நடுவே எரிந்தார். மேலே தாவித் தப்பப் பார்த்தால், அங்கே ரான்டெங்கின் பொற்கிண்ணம் மூடி போட்டிருந்தது. சரி, செத்துவிட்டார். இனி பட்டியலில் போய் உட்காரலாம், பதவி காத்திருக்கிறது. போனாரா? இல்லை. அவருடைய ஆவி முதலில் சாவ்கேக்குப் போகிறது. குடித்துவிட்டுத் தாஜியோடு மயங்கிக் கிடக்கும் மன்னனின் கனவில் வந்து, "இனியாவது நல்லவர்களை வைத்துக்கொள், நாட்டைப் பார்" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறது. செத்த பிறகும் வேலைக்கு வந்த மனிதர் ஐயா அவர்! மன்னன் விழித்தான், ஏதோ கனவு என்றான், தீர்ந்தது. வென் ஜோங்குக்கு யாரும் தாமரையால் உடம்பு செய்து தரவில்லை.

இப்போது எதிரணியின் பெருமைக்குரிய தியாகிகளைப் பார்க்கலாம். ஷாங் பக்கம் பத்து மரண வியூகங்கள் அமைத்தார்கள். அதை உடைக்கத் தேவர் அணி என்ன செய்தது? பெரிய தவசி நேராக உள்ளே போகவில்லை. முதலில் ஒரு சின்ன ஆளை அனுப்பினார்கள். முதல் வியூகத்துக்கு டெங் ஹுவா. குரு போகச் சொன்னதாகச் சொல்லிக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வருகிறான். ரான்டெங் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார், விதி என்கிறார். டெங் ஹுவா உள்ளே போனான், செத்தான். அதன்பிறகு பெரியவர் போய் வியூகத்தை உடைத்தார். இரண்டாவதற்கு ஹான் டூலோங். அவனும் செத்தான், பெரியவர் ஜெயித்தார். ஆட்டைத் தள்ளிவிட்டுப் பாலத்தின் பலம் பார்க்கிற வேலை இது. அந்தப் பிள்ளைகளின் பக்தியில் நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு என்ன நடக்கப்போகிறதென்று யாராவது சொன்னார்களா என்பதுதான் என் கேள்வி. தெரியாமல் போய்ச் செத்தவனைத் தியாகி என்று சொல்லி, அனுப்பியவர் கழுத்தில் மாலை போடக்கூடாது.

எங்கள் பக்கம் யுன்ஷியாவ் என்ற பெண் தவசி இருந்தாள். போரில் தலையிடாதே, தீவிலேயே இரு என்று அண்ணன் ஜாவ் கோங்மிங்கிடம் கெஞ்சியவள். அவன் கேட்ட ஆயுதத்தையே முதலில் தர மறுத்தவள். அந்த அண்ணனைத் தேவர் அணி எப்படிக் கொன்றது? வைக்கோலில் பொம்மை செய்து, பெயரெழுதி, 21 நாள் மந்திரம் போட்டு, அம்பெய்து கொன்றது. நம் ஊரில் அதற்கு ஏவல், பில்லி சூனியம் என்று பெயர். தேவர்கள் செய்தால் தெய்வத் திருவிளையாடல்! அண்ணன் செத்த பிறகுதான் யுன்ஷியாவ் தங்கைகளோடு வந்தாள். சான் மரபின் பன்னிரண்டு பெரிய தவசிகளையும் தன் வியூகத்துக்குள் இழுத்து, அவர்களின் தவவலிமையைக் கரைத்தாள். உயிரை எடுக்கவில்லை. அந்தச் சகோதரிகளை அடக்க இரண்டு மகா குருக்கள் நேரில் இறங்கி வரவேண்டியிருந்தது. வந்தவர்கள் தங்கைகள் இருவரையும் விட்டுவைக்கவில்லை.

அசுரர், அசுரர் என்கிறார்களே, யார் அசுரர்? முட்டையில் பிறந்தவன், ஈரத்தில் பிறந்தவன், கொம்புள்ளவன் என்று சான் மரபினர் ஏளனம் செய்த எல்லாரையும் மாணவராக ஏற்றவர் டோங்டியான். ஜாதி பார்க்காத பள்ளிக்கூடம் அது. இத்தனை அழிவுக்கும் காரணமான நரி தாஜியின் உடலுக்குள் எப்படி வந்தது? தன்னுடைய கோயில் சுவரில் ஷாங் மன்னன் அசிங்கமாகக் கவிதை எழுதினான் என்று கோபப்பட்ட நுவா தேவி அனுப்பி வைத்தாள்! காரியம் முடிந்தால் நற்கதி தருகிறேன் என்று வாக்கும் கொடுத்தாள். முடிந்ததும் நீ உயிர்களை வதைத்தாய் என்று பிடித்து ஜோ படையிடம் ஒப்படைத்தாள். அனுப்பியவள் தேவி, போனது பேய். நல்ல கணக்கு!

மணி அடித்துவிட்டது, முடித்துக்கொள்கிறேன்.

போயி, ஷூச்சி என்று இரண்டு சகோதரர்கள். ஜோ மன்னன் படையெடுத்துப் புறப்பட்டபோது குதிரைக் கடிவாளத்தைப் பிடித்து, "தகப்பனை அடக்கம் செய்யாமல் போருக்குப் போகிறாயே" என்று தடுத்தவர்கள். ஜோ வென்றதும், அந்த ஆட்சியின் தானியத்தைத் தொடமாட்டோம் என்று ஷோவ்யாங் மலையில் பச்சிலை தின்றே பட்டினியில் செத்தார்கள். வரலாற்றாசிரியர் சிமா சியென் அவர்களுக்காகத் தனி வரலாறே எழுதியிருக்கிறார். அவர்கள் எந்த மாயக் கோபுரத்துக்கும் பயந்தவர்கள் அல்ல.

எதிரணி கடைசியாக ஒன்று சொல்லும். "உங்கள் ஆட்களுக்கும்தான் பதவி கிடைத்ததே, வென் ஜோங் இடித் துறைக்குத் தலைவர், ஜாவ் கோங்மிங் இன்றைக்கும் வீடுதோறும் செல்வக் கடவுள்" என்பார்கள். கிடைத்தது, மறுக்கவில்லை. ஆனால் அதே பட்டியலில் இன்னொரு பெயரும் இருக்கிறது. பெண்களைச் சீரழித்து, மனைவியின் கண்ணைத் தோண்டவிட்ட ஷாங் மன்னன். அவனுக்கு என்ன பதவி தெரியுமா? திருமண மகிழ்ச்சிக்கு உரிய நட்சத்திரம்! இரண்டு ஜால்ராக்களுக்கும்கூட ஆளுக்கொரு நட்சத்திரம் உண்டு. அப்படிப்பட்ட பட்டியலைக் காட்டி என் கட்சிக்காரருக்குக் கூலி கொடுத்தாயிற்று என்று சொல்லாதீர்கள்.

எதிரணியில் அடுத்துப் பேச வருகிறவருக்கு ஒரே ஒரு கேள்வி. தன் தலைவன் தவறு செய்கிறான் என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அதற்குப் பிறகும் அவனுக்காகப் போய் உயிரைக் கொடுத்தவர் ஒருவரை, ஒரே ஒருவரை, உங்கள் அணியிலிருந்து பெயர் சொல்லிக் காட்டுங்கள். காட்டிவிட்டால் நடுவர் தீர்ப்புக்குக் காத்திருக்காமல் நானே எழுந்து வந்து உங்கள் பக்கம் உட்கார்ந்துகொள்கிறேன். நன்றி, வணக்கம்.