பூட்டியதும் சட்டம், திறந்ததும் சட்டம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

கோயிலில் சாதித் தடை விலக வழி மனமாற்றமா, சட்டமா என்பது தலைப்பு. சட்டமே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் மூன்று விஷயங்களைச் சொன்னார். நந்தனாருக்கு நந்தியே விலகியது, அது அன்பின் வெற்றி என்றார். 1939இல் மதுரையில் வைத்தியநாத ஐயர் செய்தது மனமாற்றம் என்றார். 1947இலேயே கோயில் நுழைவுச் சட்டம் வந்துவிட்டது, அப்புறமும் 2023இல் மேல்பாதி கிராமத்தில் கோயிலுக்குள் போன தலித் இளைஞர்களை அடித்தார்களே, உங்கள் சட்டம் என்ன செய்தது என்று கேட்டார். ஒவ்வொன்றாக வருகிறேன். அதற்கு முன்னால் அவர் தொடாமல் விட்ட ஒரு கேள்வி இருக்கிறது. அந்தக் கதவைப் பூட்டியது யார்?

வழக்கம், சம்பிரதாயம் என்பார்கள். அது பாதிதான். 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் சிலர் போய் வழிபட்டார்கள். கோயிலின் அறங்காவலரான இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி பெயரில் வழக்குப் போடப்பட்டது. நுழையத் தடை வேண்டும், கோயிலைச் சுத்தி செய்யும் செலவையும் தர வேண்டும் என்று கேட்டார்கள். கீழ் நீதிமன்றம் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றமும் அப்படியே சொன்னது. கடைசியில் 1908இல் லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் என்ற உச்ச மேல்முறையீட்டு மன்றம், அந்த மக்களுக்கு அந்தக் கோயிலுக்குள் போக உரிமை இல்லை என்று முடித்து வைத்தது. கமுதியில் ஒரு மனிதன் சாமி கும்பிடலாமா என்பதைக் கடல் தாண்டி இருந்தவர்கள் முடிவு செய்தார்கள்.

1920களின் நடுவில் திருப்பதி அருகே திருச்சானூர் கோயிலுக்குள் பஞ்சமர் என்று ஒதுக்கப்பட்ட ஒரு பக்தர் போய்க் கும்பிட்டார். கும்பிட்டதற்காக அவர்மேல் குற்றவியல் வழக்கு, தண்டனை. வக்கீல் தொழிலை விட்டிருந்த ராஜாஜி மறுபடியும் நீதிமன்றம் ஏறி வாதாடித்தான் அவரை விடுவிக்க முடிந்தது. பக்தி குற்றமாக இருந்தது, நடுவர் அவர்களே. சட்டம் போட்ட பூட்டைச் சட்டம்தான் திறக்க வேண்டும். வெறும் மனதால் திறக்க முடியாது என்பதற்கு என்னிடம் ஒரு சாட்சி இருக்கிறது.

குருவாயூர். இன்று கேரளம், அன்று சென்னை மாகாணம். 1931இல் காங்கிரஸ் தலைவர் கேளப்பன் தலைமையில் அங்கே சத்தியாகிரகம் தொடங்கியது. அடுத்த ஆண்டு அவர் உண்ணாவிரதம் இருந்தார், காந்தி கேட்டுக்கொண்டதால் நிறுத்தினார். சரி, மக்கள் மனம் என்ன என்று பார்த்துவிடலாம் என்று பொன்னானி தாலுகாவில் வாக்கெடுப்பு நடத்தினார்கள். யாரிடம்? வெளியே நிறுத்தப்பட்டவர்களிடம் அல்ல, ஏற்கெனவே கோயிலுக்குள் போய்வரும் சாதி இந்துக்களிடம். வாக்களித்தவர்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் 'எல்லோரும் வரட்டும்' என்றார்கள்.

எதிரணி கேட்கும் மனமாற்றம் இதுதானே? அதுவும் 1932இலேயே. கதவு திறந்ததா? இல்லை. வழக்கத்தை மாற்றச் சட்டப்படி தமக்கு அதிகாரம் இல்லை என்று கோயிலின் அறங்காவலரான கோழிக்கோட்டு அரசர் சாமூதிரி தரப்பில் சொன்னார்கள். சென்னை சட்டமன்றத்தில் சுப்பராயன் கொண்டுவர நினைத்த கோயில் நுழைவு மசோதாவுக்கு வைசிராய் அனுமதி தரவில்லை. குருவாயூர் எல்லா இந்துக்களுக்கும் திறந்தது 1947இல், சென்னை மாகாணத்தின் கோயில் நுழைவுச் சட்டம் வந்த பிறகுதான். மனம் மாறிய பிறகும் பதினைந்து ஆண்டுகள் ஒரு தலைமுறை மக்கள் வெளியே நின்றார்கள். அந்த ஆண்டுகளில் குருவாயூரப்பனைப் பார்க்காமலேயே செத்துப்போனவர்களுக்கு எதிரணி என்ன பதில் வைத்திருக்கிறது?

நந்தனாருக்கு வருகிறேன். திருப்புன்கூரில் நந்தி விலகியது உண்மை. ஆனால் நந்தனார் உள்ளே போனாரா? வெளியே நின்றபடிதான் தரிசனம் செய்தார். சாமி வழி விட்ட பிறகும் ஊர் வழி விடவில்லை. தில்லையில் என்ன நடந்தது? தீ வளர்த்தார்கள். அந்தத் தீயில் இறங்கி, பூணூல் அணிந்த முனிவராக எழுந்த பிறகுதான் அவர் உள்ளே போனார் என்கிறது பெரியபுராணம். நந்தனார் நந்தனாராகவே உள்ளே போகவில்லை. அதை அன்பின் வெற்றி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. இன்று அறுபத்து மூவர் வரிசையில் அவர் சிலைக்கு மாலை விழுகிறது. அவருடைய மக்களை வாசலில் நிறுத்தும் கோயில்கள் இன்னும் இருக்கின்றன.

அடுத்து மதுரை. 1939 ஜூலை 8 அன்று, கோயிலுக்குள் விடப்படாத சாதிகளைச் சேர்ந்த கக்கன் உள்ளிட்டவர்களை அழைத்துக்கொண்டு மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் நுழைந்தார் வைத்தியநாத ஐயர். அவருடைய துணிச்சலை வணங்குகிறேன். அவருக்குத் துணையாக நின்ற நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடுவையும் வணங்குகிறேன். ஆனால் மறுநாளிலிருந்து நடந்ததை எதிரணித் தலைவர் சொல்லவில்லை. கோயில் அர்ச்சகர்களான பட்டர்கள் பூஜை செய்ய மறுத்தார்கள், வழக்குகள் கிளம்பின. உள்ளே போனவர்களும் அழைத்துப் போனவர்களும் தண்டனைக்கு ஆளாகும் நிலை இருந்தது. அதனால் அதே மாதத்தில் ராஜாஜி அரசு அவசரமாக ஒரு சட்டப் பாதுகாப்பைக் கொண்டுவந்தது. பிறகு அது 1939ஆம் ஆண்டுச் சட்டமாக நிலைபெற்றது. ஐயரின் மனம் அவர்களை வாசல் வரை கொண்டுவந்தது. கைது பயம் இல்லாமல் மறுநாளும் அவர்கள் வரச் சட்டம் தேவைப்பட்டது.

சரி, மேல்பாதி. எதிரணியின் பலமான வாதம் இதுதான், மேலோட்டமாகத் தாண்டிப் போக மாட்டேன். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதி, தர்மராஜா திரௌபதி அம்மன் கோயில். 2023 ஏப்ரலில் திருவிழாவின்போது உள்ளே போன தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். பிறகு அமைதிப் பேச்சுவார்த்தைகள் நடந்தன. முடிவு வரவில்லை என்று ஜூன் மாதம் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள்.

அமைதிப் பேச்சுவார்த்தை எப்படி நடக்கும் என்று கிராமத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். அலுவலகத்தில் ஒரு பக்கம் ஊர்க்காரர்கள், இன்னொரு பக்கம் காலனிக்காரர்கள். ஊர் என்றால் காலனி சேராது, பெயரிலேயே பிரித்துத்தான் உட்கார வைப்பார்கள். 'இது எங்கள் குலதெய்வம், எங்கள் சொந்தக் கோயில்' என்று ஒரு குரல். 'இந்த வருஷம் திருவிழா நல்லபடியாக முடியட்டும், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்' என்று இன்னொரு குரல். திருவிழா வரி பிரிக்கும் நோட்டில் காலனி வீடுகள் இருக்காது. ஏழைகள் என்பதால் அல்ல, வரி வாங்கினால் உரிமை கேட்பார்கள் என்பதால். பிறகு அதே அறையில், 'நீங்கள் வரி கொடுக்காதவர்கள்தானே' என்று வாதமும் வைப்பார்கள்.

இதில் பேசித் தீர்க்க என்ன இருக்கிறது? தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்கிறது அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு. பொதுக் கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட அரசு சட்டம் செய்யலாம் என்கிறது 25ஆம் பிரிவு. கர்நாடகத்தின் மூல்கி வெங்கடரமணர் கோயில் வழக்கில் 1958இலேயே உச்ச நீதிமன்றம், ஒரு பிரிவினரின் கோயிலாகவே இருந்தாலும் பொதுமக்களை முற்றாக வெளியே நிறுத்த முடியாது என்று சொல்லிவிட்டது. இத்தனை இருந்தும் அடித்தவனையும் அடி வாங்கியவனையும் சமமாக உட்காரவைத்துச் சமாதானம் பேசினால், அங்கே தோற்றது சட்டம் அல்ல. சட்டத்தை எடுக்காமல் மனமாற்றத்துக்குக் காத்திருந்த நிர்வாகம். மேல்பாதியில் தலித் மக்கள் கடைசியில் கோயிலுக்குள் போனது 2025 ஏப்ரலில், நீதிமன்றப் படிகளை எல்லாம் தாண்டி, போலீஸ் பாதுகாப்புடன்.

நிர்வாகம் சட்டத்தைப் பயன்படுத்தினால் என்ன நடக்கும்? 2022 டிசம்பர், புதுக்கோட்டை மாவட்டம். வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்த கொடுமையை விசாரிக்க ஆட்சியர் கவிதா ராமுவும் காவல் கண்காணிப்பாளரும் போனார்கள். பக்கத்து இறையூர் அய்யனார் கோயிலுக்குள் எங்களை விடுவதில்லை, டீக்கடையில் தனிக் குவளை என்று மக்கள் சொன்னார்கள். ஆட்சியர் அந்த மக்களைக் கையோடு கோயிலுக்குள் அழைத்துப் போனார். தனிக் குவளை வைத்தவர்மீது வழக்கு. அங்கே சாமி வந்ததுபோல் ஆடி, அந்த மக்களை இழிவாகப் பேசிய பெண்மீதும் வழக்கு. கமிட்டி போடவில்லை, அடுத்த வருஷம் என்று சொல்லவில்லை.

கடைசியாக எதிரணியில் ஒரு சகோதரி கேட்டார். திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூரில் 2023 ஜனவரியில் அதிகாரிகள் தலித் மக்களை முத்துமாரியம்மன் கோயிலுக்குள் அழைத்துப் போனார்கள். மற்ற சாதியினர் பலர் அந்தக் கோயிலையே புறக்கணித்தார்களே, மனம் மாறாமல் என்ன பயன் என்றார்.

சகோதரி, இதுவும் மதுரையில் நடந்ததுதான். 1939இல் கோபித்துக்கொண்டு வெளியேறியவர்கள், ஒருவர் வீட்டு வளாகத்தில் தனியாக மீனாட்சிக்குப் பூஜை நடத்தினார்கள். கோயில் தீட்டுப்பட்டுவிட்டது, இனி அதற்குள் காலடி வைக்க மாட்டோம் என்றார்கள். அரசு கதவை மறுபடியும் பூட்டவில்லை. வழக்குகளும் அவர்களுக்குச் சாதகமாக முடியவில்லை. 1945இல் பட்டர்கள் கோயில் பணிக்குத் திரும்பி வந்தார்கள். நீங்கள் கேட்கும் மனமாற்றத்துக்கு ஆறு ஆண்டுகள் ஆயின. அந்த ஆறு ஆண்டுகளும் கக்கனும் அவருடைய மக்களும் வெளியே காத்திருக்கவில்லை, உள்ளே நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தென்முடியனூரிலும் கோபித்துப் போனவர்கள் மெதுவாகத் திரும்பி வரட்டும், அதுவரை அந்தக் கதவைப் பூட்டாமல் வைத்திருக்க வேண்டியது மாவட்ட நிர்வாகம். தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.