சும்மா வருகிற ஆள்

தலைமை மருத்துவ அலுவலர் அவர்களே, நகர்மன்றத் தலைவர் அவர்களே, வர்த்தகர் சங்கத்தாரே, மைக் செட்டுக்குக் காசு வாங்க மறுத்த பந்தல்கார அண்ணன் அவர்களே, இரவுப் பணி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கும் செவிலியர் சகோதரிகளே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்தருள வேண்டும். போன வருடம் விட்டுப்போன ஒருவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

மருத்துவமனைத் தொண்டால் என்ன லாபம் என்பது தலைப்பு. மனசுக்கு, உடம்புக்கு, ஊருக்கு என்று மூன்று லாபம் உண்டு. ‘தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும்’ என்பார்கள். பணி ஓய்வு பெற்ற எனக்கு மிஞ்சியது நேரம். அதைக் கொண்டுபோய் ஓ.பி. வாசலில் கொடுக்கிறேன், அவ்வளவுதான்.

அங்கே ஒருநாள் ஒரு பெரியவர். மனைவியைத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டு, காலையிலிருந்து வரிசையில் நிற்கிறார். பக்கத்தில் போய்ப் பார்த்தால் அது மருந்து வாங்கும் வரிசை! டாக்டரையே இன்னும் பார்க்கவில்லை. சீட்டுப் போட்டு, டாக்டரிடம் காட்டி, ஸ்கேன் அறை வரைக்கும் கூடவே போனேன். “தம்பி எந்த டிபார்ட்மென்ட்?” என்றார். “வேலை இல்லீங்க ஐயா, சும்மா வர்றேன்” என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “சும்மா வர்ற ஆளுக்கு வீட்டுல சோறு போடுறாங்களா?” என்றார். ஸ்கேன் அறை வாசலே சிரித்தது. என் வீட்டம்மாவும் இதே கேள்வியைக் கேட்பதுண்டு.

கதை அதோடு முடியவில்லை. அடுத்த முறை வந்தபோது அவரே அந்த வரிசையில் ஓர் அம்மாவைத் தடுத்து நிறுத்தி, “இது மருந்துக்கு. சீட்டு அந்தப் பக்கம்” என்று அதிகாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ரத்தமும் கொடுக்கிறேன் என்று சட்டைக் கையைச் சுருட்டினார். 65 வயதுக்கு மேல் எடுக்க மாட்டார்கள் என்றதும் அவருக்குக் கோபம். பேரனை அழைத்து வந்தார்.

ரத்தம் என்றதும் என் வழக்கமான பாட்டுக்கு வந்துவிட்டேன், மன்னியுங்கள். உச்ச நீதிமன்றத்தின் 1996 தீர்ப்புக்குப் பிறகு, 1998 ஜனவரி முதல் காசுக்கு ரத்தம் விற்பதற்குத் தடை வந்தது. அப்படியானால் நாம்தானே கொடுக்க வேண்டும்? உடம்பில் ஏறக்குறைய 5 லிட்டர் ஓடுகிறது. எடுப்பது 350 மில்லி. தனக்கு மிஞ்சித்தான் தானம் என்றால் இதைவிட மிஞ்சியது வேறென்ன? தலைவர்கள் பிறந்தநாளன்று ஒரேயடியாகக் கொடுத்துவிட்டு அப்புறம் மறந்துவிடுகிறோம். நகர்மன்றத் தலைவர் கோபிக்கக் கூடாது. ரத்தத்தை உறையவைக்கிற தட்டணுக்களைப் பிரித்து எடுத்து வைத்தால் 5 நாள்தான் தாங்கும். டெங்குவில் குறைவதும் அதுதான். டெங்கு வந்தவர் அடுத்த பிறந்தநாள் வரை காத்திருப்பாரா? ஆண்கள் 3 மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் 4 மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். 18 வயதும் 45 கிலோ எடையும் வேண்டும்.

மற்ற இரண்டு லாபங்களைச் சொல்லவில்லை என்று செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். சரி. வாசல் மேசையில் நோட்டு இருக்கிறது. பெயர், ரத்த வகை, கைப்பேசி எண் எழுதுங்கள். இன்றே கொடுப்பவர்கள் முதலில் பந்தியில் இட்லி சாப்பிட்டுவிட்டு வாருங்கள். வெறும் வயிற்றோடு வந்தால் சகோதரிகள் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.